ராகுகாலத்தில் பிறந்த சர்வர்

அத்தியாயம் பதினாறு

சுதாவைப் போன வாரம் பின்கட்டில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஒரு கோணிப்பையின் மேல் உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினோம். வெள்ளிக்கிழமை விடிந்து வெயிலும் ஏறிவிட்டது. அவள் இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

மாதவிலக்கு நாட்களில் மருமகள் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது என்பது மாமியார் ஜெயம்மாவின் சட்டம். ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டிய காலத்திலும் அதுதான் சட்டம். தறிகளை விற்றுவிட்டுத் திருத்தணிக்கு வந்து, ஸ்டேஷன் போகிற சாலையில் வீடெடுத்து, முன்னறையில் கம்ப்யூட்டர் கடை போட்ட பிறகும் அதுதான் சட்டம். தறிக்கு ஆகாத தீட்டு கம்ப்யூட்டருக்கு மட்டும் ஆகுமா என்று அவள் கேட்பாள். பதில் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் கிடையாது.

கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. ஒவ்வொரு மாதமும் சுதா பின்கட்டுக்கு வரும்போது ஜெயம்மா தண்ணீர்ச் சொம்பைத் தூரத்தில் நங்கென்று வைப்பாள். இந்த மாதமும் ஒன்றும் இல்லையா என்று எதிர்வீட்டுக்குக் கேட்கிற குரலில் விசாரிப்பாள். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்க மாட்டாள். கல்லுக்குள் ஈரம் இருந்தாலும் இருக்கும், ஜெயம்மாவிடம் போய்த் தேட வேண்டாம்.

இந்த வீட்டைவிட்டு வெளியேற சுதாவுக்கு இருந்த ஒரே வழி இன்றைய வேலைதான். எல்லைக்கு அந்தப் பக்கம் ஐந்து ஊர்களில் பால் குளிரூட்டும் நிலையம் நடத்துகிற ஒரு கம்பெனி. அந்த நிலையங்களின் கம்ப்யூட்டர்கள் ஓடுகின்றனவா, தொட்டியில் பால் குளிர்ந்தே இருக்கிறதா என்று ராப்பகலாகப் பார்த்து, எங்கே பிசகினாலும் உடனே போனுக்குச் செய்தி அனுப்ப ஒரு மானிட்டரிங் சாப்ட்வேர் வைத்திருந்தார்கள். அது ஓடிய பழைய சர்வரின் ஹார்ட் டிஸ்க் சாகக் கிடந்தது. புதுப் பெட்டி வாங்கி, ஒரு வருஷத்துத் தகவலையும் அதில் ஏற்றி, சாப்ட்வேரின் புதுப் பதிப்பைப் போட்டுத் தரும் வேலை குமரேசன் கடைக்கு வந்தது. குமரேசன் கடைக்கு வந்தது என்றால் அவன் பெண்டாட்டி சுதாவிடம் வந்தது என்று அர்த்தம்.

கம்பெனி அதிகாரி தேவயானி, போனில் பேசிப் பேசியே சுதாவை எடைபோட்டுவிட்டாள். இந்த வேலை ஒழுங்காக முடிந்தால் திங்கட்கிழமையே திருப்பதி ஆபீசில் வந்து சேர்ந்துவிடு, புருஷனோடு அங்கேயே ஒரு வீடு பார்த்துக்கொள் என்று சொல்லியிருந்தாள். குமரேசனும் சரி என்றான். யார் எதைச் சொன்னாலும் சரி என்பதுதான் அவனுக்குப் பிறவியிலேயே வந்த வியாதி.

தேவயானி வெள்ளிக்கிழமை மலையேறி முருகனைப் பார்த்துவிட்டு, மத்தியானம் கடைக்கு வந்து எல்லாவற்றையும் சரிபார்ப்பதாக ஏற்பாடு. வியாழக்கிழமை சாயங்காலம் சுதாவுக்கு நாள் வந்துவிட்டது. உடம்புக்கு நேரம் காலம் தெரிகிறதா என்ன.

இனி அந்த வேலையைக் குமரேசன்தான் செய்ய வேண்டும். செய்ய வேண்டியதையெல்லாம் வரிசையாக அவன் போனுக்கு எழுதி அனுப்பிவிட்டு, சுதா கோணியில் காத்திருந்தாள். காலையில் கரண்ட் இல்லை. அடுத்த வீட்டுத் தண்ணீர் மோட்டார் உறுமியபோதுதான் கரண்ட் வந்தது தெரிந்தது. இப்போது ஆரம்பித்திருப்பான், இந்நேரம் பாதி முடிந்திருக்கும் என்று அவள் மனசுக்குள் கூடவே வேலை செய்துகொண்டிருந்தாள்.

போன் அடித்தது. முன்னறையிலிருந்து குமரேசன்தான். வீட்டுக்குள் இருந்துகொண்டே புருஷனும் பெண்டாட்டியும் போனில் பேசிக்கொள்வதற்கு ஜெயம்மா அனுமதி கொடுத்திருந்தாள். போன் பேச்சு காற்றில் போகிறது, காற்றுக்குத் தீட்டு இல்லை என்பது அவள் தீர்ப்பு. அதையும் நிறுத்தினால் கடையை இழுத்து மூட வேண்டிவரும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஒரு சின்ன எரர் என்றான் குமரேசன். அவன் சின்னது என்றால் பெரிதாகத்தான் இருக்கும். திரையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். வந்த படத்தில் ஐந்து நிலையங்களின் பெயர் வரவேண்டிய இடம் வெறிச்சென்று கிடந்தது. அதற்கு முன்னால் வந்த எரர்களைக் கேட்டாள். எதற்கு என்று இழுத்தான். அனுப்புங்கள் என்றாள். அடுத்தடுத்து இரண்டு படங்கள் வந்தன.

முதல் படம், இன்ஸ்டால் ஆரம்பித்தபோது வந்தது. நெட்டிலிருந்து இறங்குகிற சாப்ட்வேர் தன் மேல் ஒரு தேதி முத்திரையோடுதான் வரும். அந்த முத்திரை இன்னும் செல்லாது, செல்லுபடியாக இன்னும் பதினெட்டு மணி நேரம் ஆக வேண்டும் என்று மெஷின் சொல்லியிருந்தது. சுதா இரண்டு தரம் படித்தாள். இன்றைக்கு வந்த சரக்கைப் பார்த்து ஒரு மெஷின் இது நாளைய சரக்கு என்று சொல்ல வேண்டுமானால், அந்த மெஷினுக்கு இன்னும் நேற்றே முடியவில்லை.

"கடிகாரத்த யாரு தொட்டது?"

குமரேசன் கரண்டிலிருந்து ஆரம்பித்தான்.

"கரண்ட் வரச்சொல்ல ராகுகாலம் ஆயிடுச்சி. நைனா ஆரம்பிக்கக் கூடாதுன்னுட்டாரு. பன்னெண்டுக்கு மேல ஆரம்பிச்சா மேடம் வரதுக்குள்ள முடியாது. நேத்து முகூர்த்த நாள்னாரு நைனா. அதான் மெஷினோட தேதிய நேத்து காலைக்கு வெச்சி இன்ஸ்டால் போட்டேன். அது பொறந்த நேரம் நல்லா இருக்கணும் இல்ல."

நைனா என்று அவன் சொல்வது அப்பா சுந்தரமூர்த்தியை. அவர் நாள்காட்டியைக் கிழித்துப் பார்க்காமல் பல்கூடத் தேய்க்க மாட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ராகுகாலத்தில் வேண்டாம் என்றதோடு அவர் நிறுத்திக்கொண்டார். சர்வருக்கே ஜாதகத்தைத் திருத்தி எழுதலாம் என்ற மூளை குமரேசனுடையது.

மெஷின் முத்திரை செல்லாது என்றதும் அவன் என்ன செய்திருக்கிறான் தெரியுமா? முத்திரையைப் பார்க்காதே, அப்படியே போடு என்று அதட்டியிருக்கிறான். அதற்கும் ஒரு கட்டளை உண்டு. அதன் விளைவு, சில பாகங்கள் புதுசாக வந்து இறங்கின, பெட்டியில் ஏற்கெனவே இருந்த சில பாகங்கள் பழசாகவே நின்றுவிட்டன. இரண்டாவது படத்தில் அதுதான் இருந்தது. சாப்ட்வேர் ஒரு பதிப்பு, டேட்டாபேஸ் வேறு பதிப்பு, இரண்டும் ஒத்துப்போகவில்லை, மேலே போக முடியாது என்று நின்றிருந்தது.

சுதாவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. இது சரிசெய்யக்கூடிய கோளாறுதான். கடிகாரத்தை இன்றைய தேதிக்குக் கொண்டுவந்து, அரைகுறையாக இறங்கியதை எடுத்துவிட்டு மறுபடி போட்டால் போதும். டேட்டாபேஸின் மேல் மட்டும் கை வைக்கக் கூடாது, அதுபாட்டுக்குக் கிடக்கட்டும் என்று நிதானமாகச் சொன்னாள்.

அந்தப் பக்கம் மவுஸைச் சும்மா அழுத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னாங்க?"

"நெட்டுல ஒருத்தன் எழுதியிருந்தான்," என்றான் குமரேசன். "இதே எரருக்குத்தான். டேட்டாபேஸ்ல இருக்கறத மொத்தமா அழிச்சிட்டு புதுசா ஏத்துன்னு போட்டிருந்தான். ஏத்தினேன். எரர் போயிடுச்சி சுதா. ஆனா உள்ள ஒன்னுமே காட்டமாட்டேங்குது."

எப்படிக் காட்டும்? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள், இங்கே பிடித்த மண்ணே காணாமல் போய்விட்டது. ஐந்து நிலையங்களின் ஒரு வருஷத்துச் சூடு, குளிர் எல்லாம் அதில் இருந்தது. பாலைச் சோதிக்க வரும் சர்க்கார் ஆட்கள் முதலில் கேட்பதே அதைத்தான். தகவலை ஏற்றி முடித்த கையோடு பழைய ஹார்ட் டிஸ்க் நேற்று மத்தியானமே உயிரை விட்டிருந்தது. இருந்த ஒரே பிரதியைக் குமரேசன் துடைத்து மெழுகிவிட்டான்.

ஒரே பிரதி என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

சுதா போனைக் காதில் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். நேற்று ராத்திரி வீடு அடங்கிய பிறகு அவள் மெல்ல எழுந்து முன்னறைக்குப் போயிருந்தாள். புருஷன் கையில் இதை விட்டுவிட்டுத் தூங்க அவளால் முடியவில்லை. டேட்டாபேஸ் முழுவதையும் ஒரு பென் டிரைவில் எடுத்தாள். எடுத்ததை வைக்க இடம் தேடினாள். மேஜையில் வைத்தால் காலையில் ஜெயம்மா துடைப்பத்தோடு தள்ளிவிடுவாள். அந்த அறையில் யாரும் நகர்த்தாத பொருள் ஒன்றே ஒன்றுதான், சுவரில் மாட்டியிருக்கும் முருகர் படம். அதன் சட்டத்துக்குப் பின்னால் செருகிவிட்டு வந்து கோணியில் படுத்துக்கொண்டாள்.

இப்போது சொன்னால், தீட்டோடு உள்ளே போனதும் சாமி படத்தைத் தொட்டதும் வெளிவரும். சொல்லாவிட்டால் டேட்டாபேஸ் இல்லை, திங்கட்கிழமை இல்லை, திருப்பதி இல்லை. ஜெயம்மாவின் சொம்புச் சத்தத்தைச் சாகிறவரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"முருகர் படத்துக்குப் பின்னால ஒரு பென் டிரைவ் இருக்குது. எடுங்க," என்றாள்.

"யாரு வெச்சது?"

"நான்தான். நேத்து ராத்திரி காப்பி எடுத்து வெச்சேன்."

குமரேசன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஏனென்றால் அடுத்து வந்த குரல் அவனுடையது இல்லை.

"எந்தக் கையால வெச்ச?" என்று கேட்டாள் ஜெயம்மா.

அடுத்த நிமிஷம் அவள் பின்கட்டில் நின்றாள். கையில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு. அறையவேண்டும் என்று அவள் கை பரபரத்தது, ஆனால் தொட்டு அடித்தால் அவளும் தலைக்குக் குளிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பூஜை பாக்கி இருக்கிறது. அடிக்க முடியாமல் போனதில் அவள் பட்ட வேதனை முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அதற்குப் பதிலாக, சுதா குடிப்பதற்கு வைத்திருந்த தண்ணீரைக் காலால் தள்ளிக் கொட்டினாள். காலையில் போட்டிருந்த சோற்றுத் தட்டையும் தள்ளினாள். எறும்பு காத்திருந்ததுபோல் வந்து மொய்த்தது.

"அதாண்டி உன் வயித்துல ஒன்னும் தங்கமாட்டேங்குது," என்றாள். சத்தம் போடவில்லை, கிட்டத்தட்டச் சந்தோஷமாகச் சொன்னாள். மூன்று வருஷமாகத் தேடிய காரணம் கையில் கிடைத்துவிட்டது. "சாமியையே தொட்டவ நீ. திருப்பதிக்கு நீ போறதுக்கு இந்த ஊட்டுல யாரு உட்றாங்கன்னு பாக்கறேன்."

சுதா எறும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொன்னால் அழுதுவிடுவாள், அழுதால் ஜெயம்மாவுக்கு அது விருந்து.

முன்னறையில் வேறொரு கூத்து நடந்தது போனில் கேட்டது. ஜெயம்மா திரும்பிப் போய்ப் பென் டிரைவை மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும் என்று நின்றாள். தண்ணீர் பட்டால் செத்துவிடும் என்று குமரேசன் கெஞ்சினான். சுந்தரமூர்த்திதான் பஞ்சாயத்துப் பண்ணினார். வேலை முடிகிறவரைக்கும் தீட்டைத் தள்ளிவைக்கலாம், மேடம் போன பிறகு சர்வர் பெட்டிக்குச் சேர்த்தே தெளித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார். தீட்டையும் தவணை முறையில் கழிக்கலாம் என்பது சுதாவுக்கு அன்றுதான் தெரியவந்தது. மனுஷிக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாதுபோல.

பசியோடும் தாகத்தோடும் அவள் வேலையை நடத்தினாள். முதலில் கடிகாரத்தைச் சரிசெய்யச் சொன்னாள். நேரம் இன்னும் ராகுகாலம்தான், ஆனாலும் சுந்தரமூர்த்தி இப்போது வாயைத் திறக்கவில்லை. அரைகுறைச் சாப்ட்வேரை வேரோடு எடுக்கச் சொன்னாள். திரும்ப இறக்கியபோது முத்திரை செல்லுபடியாயிற்று, எல்லாப் பாகமும் ஒரே பதிப்பாக வந்து உட்கார்ந்தது. பிறகு பென் டிரைவிலிருந்து பழைய தகவலை டேட்டாபேஸில் ஏற்றச் சொன்னாள். ஒவ்வொரு வரியையும் அவள் சொல்ல, அவன் அடித்து, அடித்ததைப் படமெடுத்து அனுப்பி, அவள் பார்த்துச் சரி என்ற பிறகுதான் அடுத்ததற்குப் போனான்.

கடைசியில் சாப்ட்வேரைக் கிளப்பி, பழைய தகவலைப் புதுப் பதிப்புக்கு அதுவே மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டபோது மறுபடி நின்றது. அனுமதி இல்லை என்று டேட்டாபேஸ் முரண்டு பிடித்தது. குமரேசன் எல்லாவற்றையும் இன்னொரு தரம் அழித்துவிடட்டுமா என்று கேட்டான். சுதாவுக்கு அந்த நிமிஷம் அவனைப் பார்க்காமல் இருப்பதே புண்ணியம் என்று பட்டது.

இது தகவல் கெட்டதால் வந்ததில்லை என்று அவள் விளக்கினாள். மாற்றி எழுதச் சாப்ட்வேருக்குக் கூடுதலாக ஒரு அனுமதி வேண்டும், டேட்டாபேஸின் தலைமைப் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய் அதைக் கொடுக்க வேண்டும், வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப எடுத்துவிட வேண்டும். அனுமதி கொடுத்தான். திரையில் நூற்றுக்கு எவ்வளவு முடிந்தது என்று எண்கள் ஏறத் தொடங்கின. அவன் அதைப் படமெடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தான். முழுவதும் முடிந்து ஐந்து நிலையங்களும் பச்சையாகத் தெரிந்த படம் வந்தபோது சுதா போனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை என்று ஒரு நாள் மறுபடி முளைத்துவிட்டது.

வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது.

குமரேசன் அவசரமாகப் பேசினான். போனை வைத்துவிடாதே, நான் காதில் புளூடூத் மாட்டிக்கொள்கிறேன், மேடம் ஏதாவது கேட்டால் நீ சொல்லு, நான் திருப்பிச் சொல்கிறேன் என்றான். தன் வேலைக்கான பரீட்சையைப் புருஷன் வாயால் எழுத வேண்டிய நிலைமை. அதனால் என்ன, பாஸானால் சரி என்று சுதா ஒப்புக்கொண்டாள்.

தேவயானி அறைக்குள் வந்தது, சுந்தரமூர்த்தி நாற்காலி இழுத்துப் போட்டது, ஜெயம்மா காபி கொண்டுவந்தது எல்லாம் சுதாவுக்குக் காதால் தெரிந்தது. தேவயானி வீண் பேச்சுப் பேசுகிறவள் இல்லை. ஒரு நிலையத்தின் கோடை மாதத்துக் கணக்கைக் காட்டச் சொன்னாள். எங்கே அழுத்த வேண்டும் என்று சுதா சொன்னாள், குமரேசன் அழுத்தினான். நடுவில் ஒரு நிலையம் பேச்சுமூச்சில்லாமல் போனால் எவ்வளவு நேரத்தில் செய்தி வரும் என்று கேட்டாள். சுதா சொன்னாள், குமரேசன் அதே வார்த்தைகளைச் சொன்னான். பழைய பதிப்பிலிருந்து மாற்றும்போது டேட்டாபேஸில் சிக்கல் வரவில்லையா என்று கேட்டாள். அனுமதி விஷயத்தைச் சுதா சொன்னாள். குமரேசன் தானே கண்டுபிடித்த மாதிரி கொஞ்சம் நீட்டி முழக்கிச் சொன்னான். கடிகாரத்தைப் பற்றி இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்றாள் தேவயானி. பிறகு, "எங்க சுதா? திங்கக்கிழமை ஜாயின் பண்ணறதப் பத்திப் பேசணும்," என்றாள்.

சுதா போனை வாயருகே கொண்டுவந்தாள். காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள், திங்கட்கிழமை வந்துவிடுவாள் என்று சொல்லுங்கள் என்று குமரேசனிடம் சொன்னாள். அவன் வாயைத் திறப்பதற்குள் ஜெயம்மா முந்திக்கொண்டாள்.

"அவளுக்கு நாள் தள்ளியிருக்குதுங்க மேடம். மூணு வருஷம் கழிச்சி முருகர் கண்ணத் தொறந்திருக்காரு. அலையக் கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிசனா சொல்ட்டாங்க. வேலைக்கெல்லாம் இப்போ அனுப்பறதுக்கு இல்லீங்க."

பின்கட்டில் சுதாவுக்குக் காது அடைத்துப் போயிற்று. எந்த வயிற்றில் ஒன்றும் தங்காது என்று காலையில் சொன்னாளோ அதே வயிற்றில் அதே வாய் மத்தியானத்துக்குள் ஒரு பிள்ளையை வைத்துவிட்டது. அதுவும் இந்த நாளில், இந்தக் கோணியில் அவள் உட்கார்ந்திருக்கும்போது. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினாலும் இப்படி வலித்திருக்காது.

"இல்லன்னு சொல்லுங்க," என்றாள் போனில். "என்னங்க. இல்லன்னு சொல்லுங்க."

அவள் குரல் அவன் காதுக்குள்ளேயே இருந்தது. தேவயானி நிஜமா என்று குமரேசனைக் கேட்டாள்.

"ஆங், மேடம்," என்றான் குமரேசன். "ஊட்டுல எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம்."

பிறகு துணி உரசுகிற சத்தம் கேட்டது. காதில் இருந்ததை எடுத்துச் சட்டைப் பையில் போட்டிருக்கிறான். பைக்குள்ளிருந்து மங்கலாக அவன் பேச்சு தொடர்ந்தது. சுதாவுக்குத் தெரிந்ததெல்லாம் தனக்கும் தெரியும், தேவைப்பட்டால் அவள் இடத்தில் தானே வந்து சேருகிறேன், திருத்தணியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோக முடியும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இது அவன் பெண்டாட்டியின் வீடு, கொளுத்தியது அவன் அம்மா. பையன் சம்பாதித்துக்கொண்டு ராத்திரி வீடு திரும்புவான், மருமகள் அடுப்படியில் கிடப்பாள். ஜெயம்மா இதைக் காபி கலக்கும்போதே யோசித்து முடித்திருக்க வேண்டும்.

சுதா போனை அணைத்துக் கோணியில் வைத்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. இந்த ஆளோடு திருப்பதியில் ஒரு வீடு பார்த்து, ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடுவது என்பதுவரை அவள் யோசித்துவைத்திருந்தாள். அதை நினைக்கத்தான் வெட்கமாக இருந்தது.

முன்னறையில் நாற்காலி நகர்ந்தது. இவ்வளவு நல்ல சேதி கேட்டுவிட்டு அவளைப் பார்க்காமல் எப்படிப் போவது, மலையிலிருந்து பிரசாதம் கொண்டுவந்திருக்கிறேன், குங்குமம் வைத்துவிட்டுப் போகிறேன் என்று தேவயானி எழுந்துவிட்டாள். தூங்குகிறாள் என்றாள் ஜெயம்மா. எழுப்ப வேண்டாம், நெற்றியில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள் தேவயானி. அறை அறையாகப் பார்த்துக்கொண்டு அவளே நடந்து வந்தாள். பின்னால் ஜெயம்மா ஓடிவரும் கொலுசுச் சத்தமும், அதற்குப் பின்னால் குமரேசனின் காலடிச் சத்தமும் கேட்டன.

பின்கட்டுக் கதவு திறந்தது. ஐம்பதை எட்டிய, வெயிலில் மலையேறிக் களைத்த ஒரு பெண்மணி நின்றாள். கையில் வாழையிலையில் குங்குமமும் சந்தனமும் ஒரு முழம் மல்லிகையும். போனில் மட்டுமே கேட்ட குரலுக்கு முகம் கிடைத்த சந்தோஷத்தில் சிரித்தபடி, குங்குமத்தைத் தொட்டு எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

தேவயானிக்குப் பின்னால் ஜெயம்மா கண்ணை உருட்டினாள். அதட்டலும் இருந்தது, கெஞ்சலும் இருந்தது. பேசாமல் நெற்றியைக் காட்டு என்று சொல்லும் கண். தீட்டுக்காரி நெற்றியில் முருகன் குங்குமம் ஏறினாலும் பரவாயில்லை, பொய் நின்றால் போதும் என்று அவள் ஒரு நொடியில் சட்டத்தை மாற்றிவிட்டாள்.

"தொடாதீங்க மேடம்," என்றாள் சுதா. "நான் நேத்து சாயங்காலத்துல இருந்து வெளிய உக்காந்துகினு இருக்கேன்."

சொன்னபோது அது வாயில் ருசித்தது. இந்த வீட்டில் மூன்று வருஷமாக அவளைக் கூசவைத்த ஒரு விஷயத்தை, மூன்று பேருக்கும் நேராக, நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்.

தேவயானியின் கை அப்படியே நின்றது. கோணியைப் பார்த்தாள், கவிழ்ந்த தட்டைப் பார்த்தாள், எறும்பைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததும் அவள் முதலில் செய்த காரியம், சட்டென்று இரண்டடி பின்னால் போய் வாழையிலையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டதுதான். மலையிலிருந்து கொண்டுவந்த பிரசாதம் அல்லவா.

சுதா அதையும் பார்த்தாள். இதில் மட்டும் வேறென்ன எதிர்பார்த்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

தேவயானி இலையைக் குமரேசன் கையில் கொடுத்தாள். அவன் முகத்தை அவள் பார்க்கக்கூட இல்லை.

"ஞாயித்துக்கிழமை தலைக்கு ஊத்திக்குவ இல்ல?" என்று சுதாவைக் கேட்டாள். "திங்கக்கிழமை வந்துடு. உனக்குன்னு சொன்ன வேலைய வேற யாருக்கும் தரமாட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை. ஆனால் சுதாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஜெயம்மா கதவில் சாய்ந்து நின்றாள். பொய் கிழிந்தவர்கள் வெட்கப்படுவார்கள் என்று நாம் நினைக்கிறோம். எல்லோரும் அப்படி இல்லை.

"வரட்டும்ங்க மேடம், நல்லா வரட்டும்," என்றாள். "ஆனா எந்த ஊட்டுல இருந்து கெளம்பி வருவான்னு இப்பவே கேட்டு வெச்சிக்கோங்க. வந்த மனுஷங்க எதிர்ல எம் மானத்த வாங்கினவளுக்கு இந்த ஊட்டு வாசல் இன்னியோட மூடிப்போச்சி."

சுந்தரமூர்த்தி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். அது தேவயானி சொல்ல வேண்டிய பதில் இல்லை.

சுதா கோணியிலிருந்து எழுந்தாள். புருஷனைப் பார்த்தாள். கோபமெல்லாம் அடங்கி, ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது.

"நீங்க சொல்லுங்க. திங்கக்கிழமை நான் எந்த ஊட்டுல இருந்து கெளம்பணும்?"

குமரேசன் அவளைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். கையிலிருந்த வாழையிலையைப் பார்த்தான். மல்லிகை நழுவி விழப் போனதை ஒரு விரலால் உள்ளே தள்ளினான்.

"சர்வர் ஓடுதான்னு ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.